காதில் சொன்ன செய்தி

கூட்டத்தில் அதிகம் பேசுகிறவளைத் தலைவி ஆக்கிவிடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். பெற்றோர் கூட்டத்தில் கழிப்பறைக் குழாய் உடைந்து கிடப்பதைப் பற்றி நான் போட்ட சத்தத்தில் மற்ற அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்று கூப்பிடும் தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ மேலாண்மைக் குழுவுக்கு நீங்களே தலைவியா இருந்துடுங்க” என்று சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னால், ஆட்டோ ஓட்டுகிற என் கணவருக்கு ஒரே சந்தோஷம். “நல்லதாப் போச்சு. இனிமே ஊட்ல சத்தம் கம்மியாவும்” என்றார்.

இப்படிப்பட்ட எனக்குப் பிறந்தவள் பள்ளியில் வாயே திறக்க மாட்டாள். வீட்டில் அவள் பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது. பூனையோடு பேசுவாள், தையல் மெஷினோடு பேசுவாள், அப்பாவின் ஆட்டோ ஹாரனோடு சண்டை போடுவாள். பள்ளி கேட்டைத் தாண்டியதும் உதடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பு முழுக்க, பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்கிக் காட்டியதோடு சரி. “வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும், சொல்லேன்டி” என்று திட்டினேன். கெஞ்சினேன். பரோட்டா வாங்கித் தருகிறேன் என்றேன். பரோட்டாவைச் சாப்பிட்டாளே தவிர பேசவில்லை.

எங்கள் பள்ளி கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு அரசாங்கம் கொடுத்த டீச்சர்கள் இரண்டே பேர். அதனால் முதல் இரண்டு வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, பெற்றோர்களாகச் சேர்ந்து மாதாமாதம் காசு போட்டு ஒரு பெண்ணை வைத்திருந்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கழுத்தில் எப்போதும் ஒரு பச்சை மஃப்ளர். அவளுக்குக் குளிர் ஆகாது. வயதில் என் தங்கை மாதிரி என்றாலும் நானும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவேன்.

காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கிற வழக்கத்தை மாற்றியது அவள்தான். பேப்பரைப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசிப்பதெல்லாம் வேண்டாம், தினம் ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்த நம்ம ஊர்ச் செய்தியைச் சொல்லட்டும் என்றாள். ஐப்பசியில் செய்தி முழுக்க மழை. யார் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, எந்தக் குட்டையில் எருமை இறங்கி ஏற மாட்டேன் என்றது. கார்த்திகையில் தீபத்துக்கு வந்த போலீஸ்காரர்கள் எங்கள் வகுப்பறைகளில்தான் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் கரும்பலகையில் திருக்குறள் எழுதிவிட்டுப் போனது ஒரு செய்தி. தீபத்தையொட்டி நடக்கிற மாட்டுச் சந்தைக்கு வந்த குதிரை ஒருவரைக் கடித்தது அதைவிடப் பெரிய செய்தி.

மார்கழி பிறந்ததும் பிள்ளைகளுக்குச் சோம்பல் வந்துவிட்டது. மைக்குக்கு முன்னால் வந்து நின்று, கிழக்கே போகிற பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பி மலையைப் பார்ப்பார்கள். “இன்னைக்கு மலை தெரியுது” என்பான் ஒருவன். மறுநாள் பனி இறங்கியிருக்கும். “இன்னைக்கு மலை தெரியல” என்பாள் இன்னொருத்தி. அவ்வளவுதான் செய்தி. நாலு நாள் பொறுத்துப் பார்த்த பெரிய டீச்சர், “மலைய உட்டுட்டு வேற எதையாவது சொல்லுங்கடா. மலை எங்க போயிடப்போவுது?” என்று ஒரேயடியாகத் தடை போட்டுவிட்டார்.

இந்த மழைக்கெல்லாம் முன்னால், புரட்டாசியில் என் மகளின் முறை முதன்முதலாக வந்த நாளன்று நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். மொத்தப் பள்ளியும் காத்திருக்கிறது, இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்வரிசையில் பையன்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது டீச்சர் வந்து பக்கத்தில் மண்டியிட்டு, மஃப்ளரை ஒதுக்கி, காதைக் கொடுத்தாள். இவள் இரண்டு கையையும் குவித்து ஏதோ சொன்னாள். நேரம் எடுத்துச் சொன்னாள். டீச்சர் எழுந்து மைக்கைப் பிடித்து, “பாப்பா சொல்ற செய்தி. அவங்க அப்பாவோட ஆட்டோல, பின் சீட்ல, பூனை குட்டி போட்டிருக்கு. குட்டிங்க கண்ணு தொறக்குற வரைக்கும் அப்பா சவாரி போகக் கூடாதுன்னு பாப்பா சொல்லியிருக்காங்க” என்றாள். பள்ளியே கைதட்டியது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு அவ்வளவு சீக்கிரம் அழுகை வராது, கோபம்தான் வரும்.

அன்றிலிருந்து இவள் முறை வந்தால் அந்தக் காதும் கூடவே வரும். மெல்ல மெல்ல வகுப்பிலும் டீச்சர் காதில் கணக்குக்கு விடை சொன்னாள், தண்ணீர் கேட்டாள், பக்கத்துப் பெண் கிள்ளியதைக்கூடச் சொன்னாள். என் பிள்ளைக்குப் பள்ளியில் இருந்த ஒரே வாசல் அந்தக் காது.

அந்த வாசலுக்குத்தான் ஆபத்து வந்தது. அந்த வருஷத்து மழை விடாமல் பெய்ததில் எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலை கொடியோடு அழுகிப்போனது. கட்டட வேலை நின்றது. டீச்சருக்கென்று காசு போட்டுவந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. தலைவி என்ற முறையில் நான் வீடு வீடாகப் போனேன். என் தலை தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. “இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்? இருந்தா தர மாட்டமா?” என்று ஒருத்தி என் மேலேயே எரிந்து விழுந்தாள்.

புது வருஷம் பிறந்து பள்ளி திறந்த அன்று டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். செங்கம் ரோட்டில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள். பொங்கல் லீவு முடிந்ததும் சேர வேண்டுமாம். “எனக்கு இங்க இருக்கத்தான்க்கா ஆசை. ஆனா அப்பாவுக்கு இந்த வருஷம் நிலத்துல ஒண்ணும் தேறல. ஊட்ல என் சம்பளத்ததான் நம்பி இருக்காங்க” என்றாள். அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வானத்தின் மேல்கூடக் கோபப்பட்டேன், அவள் மேல் முடியவில்லை. வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஊசியில் நூலைக் கோத்தேன், தைக்க மனசு வரவில்லை. பயமாக இருந்தது. அவள் போய்விட்டால் என் மகள் மறுபடியும் கையை மட்டும் தூக்கிக் காட்டுகிற பிள்ளை ஆகிவிடுவாள்.

பள்ளிக்குப் பூ கட்டிக் கொடுக்கிற அம்மா ஒருத்தி உண்டு. கோயில் வாசலில் கடை, பையன் மூன்றாம் வகுப்பு. அவள்தான் வழி சொன்னாள். “பவுர்ணமி வருதில்ல? மலை சுத்த எவ்ளோ ஜனம் வரும்! ரோட்டோரமா ஒரு கடை போடுவோம். வெண்பொங்கல், சுக்குக் காபி. குளிருக்குப் பிச்சிக்கினு போவும். வர்றது டீச்சருக்கு.” எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்கத் தோன்றியது, பிடித்தேன்.

வசூலுக்குக் கதவைச் சாத்தியவர்கள் இதற்குத் திறந்தார்கள். ஒருத்தி அரிசி, ஒருத்தி பாசிப்பருப்பு, ஒருத்தி வீட்டு மாட்டு நெய். என்னைத் திட்டியவள் மிளகைக் கொண்டுவந்து, “கம்மியா போட்டுக் கெடுத்துடாத” என்று அதற்கும் ஒரு திட்டு வைத்தாள். காசு கேட்டு வாங்கும் வேலை எனக்குத்தான் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். இந்த ஊரில் என்னைவிட வாய் நீளம் யாருக்கு?

பவுர்ணமி அன்று சாயங்காலம், வெயில் தாழும்போதே அண்டாவை இறக்கிவிட்டோம். இடம் சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒருத்தி தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். பூக்கார அம்மா அண்டாவுக்கு ஒரு முழம் சாமந்தி சுற்றினாள். என் கணவர் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார். விலை எழுதிய அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்டாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. இந்த ஊரில் ரோட்டோரம் அண்டா வைத்தால் இப்படித்தான் வைப்போம், பிறந்ததிலிருந்து இப்படித்தான் பார்த்திருக்கிறோம்.

முதலில் வந்தது ஒரு வயதான தம்பதி. வெறுங்கால். அந்த அம்மாவின் குதிகாலெல்லாம் வெடிப்பு. அண்டாவைப் பார்த்ததும் கண்ணை மூடி, “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று சொல்லிவிட்டு என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். “பிரசாதமாம்மா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

நான் வாயைத் திறந்தேன். விலை நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை. நீட்டிய கையைப் பார்த்து எப்படிக் காசு கேட்பது? “ஆமாம்மா. சூடா கீது, பாத்து” என்றுதான் வந்தது. பாக்குமட்டைத் தட்டில் பொங்கலை வைத்து நானே கொடுத்தேன்.

அவ்வளவுதான், பின்னால் வந்தவர்களெல்லாம் வரிசை கட்டிவிட்டார்கள். சட்டம் ஒழுங்கு பார்க்க என் கணவர் வேறு. “தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு!” என்று கூவிக் கூவிக் கூப்பிடுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை முறைத்தேன். “இன்னாடி முறைக்கிற? நீதான் மொதல்ல குடுத்த” என்றார். டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு கரண்டியோடு நின்றாள். மஃப்ளரை அவிழ்த்து எங்கேயோ வைத்துவிட்டாள், நெற்றியெல்லாம் வேர்வை. தன் சம்பளத்தைத் தானே கரண்டி கரண்டியாக அள்ளிப் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? “இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க, ரொம்ப தூரம் நடக்கணும்” என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னாள். என் மகள் அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு தட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்.

நிலா மேலே வருவதற்குள் அண்டா காலி. காசுக்கென்று வைத்த பிஸ்கட் டப்பாவும் காலி. எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று டீச்சரைப் பார்த்து அழுதுவிட்டேன். “என்னை மன்னிச்சுடு டீச்சர். ஊரெல்லாம் சண்டைக்குப் போற வாய், கேக்க வேண்டிய எடத்துல மூடிக்கிச்சு.” அப்படிச் சொன்னபோதுதான் என் மகள் மைக்குக்கு முன்னால் நின்ற நிற்பு நினைவுக்கு வந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கும். பாவம், நான் என்னென்ன திட்டினேன்.

பூக்கார அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “வசூல்னா எவன் குடுப்பான்? எனக்கே குடுக்கத் தோணல. உபயம்னு கேளு. தை மாசம் டீச்சர் எங்க தெரு உபயம். நாலு ஊடு சேர்ந்து பாத்துக்கறோம்.” எங்கள் கோயிலில் ஒருநாள் பூஜைக்கு ஒரு குடும்பம் உபயம், மண்டப விளக்குக்கு ஒரு கடைக்காரர் உபயம். பேர் போட்டு ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டால் கடன் வாங்கியாவது செய்துவிடுவார்கள். மிளகு கொண்டுவந்தவள் உடனே, “அப்ப மாசி எங்களுது” என்றாள். பங்குனிக்கு ரெண்டு தெரு போட்டி போட்டது.

டீச்சர் சிரித்தாள். “நான் இன்னாக்கா, டியூப் லைட்டா? உபயம்னு என் மேல பேரு எழுதப் போறீங்களா?” ஆனால் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. “ஊட்ல கேக்கணும்க்கா. அங்க சம்பளம் ஜாஸ்தி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். நியாயம்தானே. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பொங்கல் லீவுக்கு முந்தின நாள் பள்ளியில் பொங்கல் வைத்தோம். அம்மாக்கள் எல்லோரும் வந்திருந்தோம். மலையைக் காணோம், அடிவாரம் வரைக்கும் வெள்ளைப் பனி. அன்றைக்குச் செய்தி என் மகளின் முறை.

கடைசி வரிசையில் நின்று எட்டிப் பார்த்தேன். டீச்சர் மண்டியிட்டாள். இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டன, பச்சை மஃப்ளர்தான் தெரிந்தது. டீச்சர் எழுந்தாள், மைக்கைப் பிடித்தாள். பேசவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. போகிறாள், அதைத்தான் சொல்ல முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

“டீச்சர், செய்தி?” என்று ஒரு பையன் கத்தினான்.

மைக்கை என் மகள் தன் பக்கம் இழுத்தாள். கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம், “டீச்சருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. நானே சொல்றேன்” என்றாள். என் வீட்டுக் குரல், பூனையோடு பேசுகிற அதே குரல், ஸ்பீக்கரில் வந்தது. “இன்னைக்கு மலை தெரியல. ஆனா அங்கதான் கீது.”

மலைக்குத் தடை போட்டவர் பெரிய டீச்சர். அவர்தான் முதலில் கைதட்டினார்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அவளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, “டீச்சர் காதுல அப்படி இன்னாடி சொன்ன, அவங்க அழுவுற அளவுக்கு?” என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. அவங்கதான் என் காதுல சொன்னாங்க.”

“என்னன்னு?”

“ஊட்ல கேட்டுட்டேன், லீவு முடிஞ்சு வரேன், எங்கயும் போகலன்னு.”

ஆட்டோ தானாகவே ஓரமாக நின்றது. முன்சீட்டில் என் கணவர் திரும்பவே இல்லை, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அடிப்பாவி, அதுதான்டி செய்தி! அத ஏன் மைக்ல சொல்லல?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல.

“அது காதுல சொன்னதும்மா” என்றாள்.