படகில் குடியேறிய தேனீக்கள்

2005 மே 14, சனிக்கிழமை. மஞ்சக்குப்பத்திலிருந்து விடுமுறைக்கு, கிள்ளைப் பக்கம் கடலோரத்தில் இருந்த மாமா வீட்டுக்கு நான் வந்து ஒன்பதாம் நாள். ஆறு மணிக்குப் பல் துலக்கினேன். இருமலுக்கு அத்தை கடையில் வாங்கிய தேன் ஒரு கரண்டி கொடுத்தார். பிறகு, பிறர் படகில் வந்த மீனை வாங்கிக் கூடையில் சுமந்து விற்கப் போனார். மாமா மணலில் உட்கார்ந்து வலை பின்னினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாவற்றையும் டைரியில் குறித்துவைப்பேன்.

சுனாமிக்குப் பிறகு மாமாவுக்குக் கிடைத்த புது ஃபைபர் படகு இன்னும் கடலில் இறங்கவில்லை. அதன் முன்பக்கப் பெட்டிக்குள் தேனீக்கள் கூடு கட்டிவிட்டன. அந்தத் தேனுக்குத் தெருவே காத்திருந்தது. ஒருவருக்கு வலைக்கயிறு அறுத்த கையில் தடவ, இன்னொருவருக்கு மாமியாரின் வாய்ப்புண்ணுக்கு. மாமா ஒரு சொட்டும் எடுக்க விடவில்லை.

"பொவ காட்டுனா பத்து நிமிசத்துல காலி, மச்சான்," என்றார் கூட்டாளி ஒருவர், காய்ந்த தென்னம்பாளையோடு வந்து.

"புள்ளகுட்டியோட இருக்குதுங்க, பாவம்டா. அதுங்களா போவட்டும்."

"படகு கடலுக்குப் போவவா, தேனீக்கு வாடகைக்கு உடவா?"

சுற்றி நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமா வலையின் அடுத்த கண்ணைப் பின்னத் தொடங்கினார். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. வெறுங்கையால் பெட்டி மூடியைத் திறந்து எனக்குத் தேனடையைக் காட்டுவார். கொட்டினாலும் கையை உதற மாட்டார். அன்றைய பக்கத்தில் அதை எழுதியிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு அவர் கடலில் கால்கூட நனைப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறேன், வேறொரு வரியில்.

பிற்பகல் மூன்று மணிக்கு, படகருகே ஒரு கொட்டாங்குச்சியில் மாமா சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தேன். தேனீக்கள் வந்து மொய்த்தன. போகட்டும் என்றவர், அவை போகாமலிருக்க விருந்து வைக்கிறார்! இப்படியும் ஓர் இரக்கமா என்று வியந்து, அத்தை மீன் விற்றுத் திரும்பியதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"தெனமுமா ஊத்துறாரு?"

"அதான் அத்தை, சர்க்கர சீக்கிரமா தீந்துடுது."

அத்தை கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே படகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீ பாத்தத மாமாகிட்ட சொல்லாத, பாப்பா. யாருகிட்டயும் சொல்லாத."

இவ்வளவு நல்ல காரியத்தை எதற்கு மறைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இந்த வீட்டில் தேனீக்கள்மேல் பிரியமுள்ளவர் மாமா ஒருவர்தான் என்று அன்றிரவு எழுதினேன்.

மறுநாள் அதைத் திருத்தவேண்டி வந்தது. காலையில் முதல் வேலையாக, மீன் வாங்கக் கிளம்பும் முன், அத்தை சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனார். மாமா எழுவதற்குள் கொட்டாங்குச்சியை நிரப்பிவைத்தார்.