கிளட்ச் மேல் யார் கால்?

கிளட்சை மிதித்தாலே கார் கர்ரென்று கத்தியது. இன்று ராஜபாளையம் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கிளட்சோடு சேர்ந்து இயங்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்துவிட்டதாம்.

"பொம்பளையாளுக ஓட்டுற வண்டின்னாலே இப்படித்தாம்மா. கிளட்ச் மேல வச்ச கால எடுக்கவே மாட்டீக," என்றார் மெக்கானிக் அண்ணாச்சி.

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புது பேரிங் மாட்டியதும் அவரே ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்து சீட்டில். சத்தமே இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அவருடைய இடது கால் கிளட்சை விட்டு இறங்கவே இல்லை.

"அண்ணாச்சி, அது எந்தப் பொம்பளையோட காலு?"

வெடுக்கென்று எடுத்தார். "சும்மா லேசாத்தாம்மா வச்சிருந்தேன்."

"லேசா வச்சாலும் தேயும்லா? இறங்குங்க, நான் ஓட்டுறேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். நன்றாகப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டு ஆண்கள் ஓட்டும்போது நீங்களும் கொஞ்சம் கீழே குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.