தமிழ் அதிகாரி இல்லாத நாளில் ஒரு சிறைச் சந்திப்பு

கிள்ளானிலிருந்து சிறைக்குப் போய் ஒருவரைப் பார்த்து வருவது எப்படி என்று தமிழில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். போன மாதம் ஒரு புதன்கிழமை தேவகி ஆன்டிக்குத் துணையாகப் போனேன். அவர் மகன் தினேஷ், பல்கலைக்கழகத்தில் எனக்கு சீனியர். அரசாங்கத்தின் உளவு வேலையில் இருந்துகொண்டே, எந்த நாட்டை வேவு பார்க்கவேண்டுமோ அந்த நாட்டுக்கே தகவல் கொடுத்ததாக அவருக்கும் கூடப் படித்த இன்னொருவருக்கும் தண்டனை. எங்கள் வீடுகளில் முதல் பட்டதாரி என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. 'ஆபீஸ்' என்றால் போதும்.

ஆன்டியிடம் ஒரே கேள்விதான். பக்கத்துத் தெரு கண்ணனும் அதே வேலையில் இருந்தவர். அந்த நாட்டில் பிடிபட்டு, அங்கேயே இறந்துபோனார். அவரைக் காட்டிக்கொடுத்தது தினேஷா, மற்றவரா என்பது வழக்கில் வெளிவரவே இல்லை. கண்ணனின் மனைவி சுமதியிடம், "நானே கேட்டுட்டு வந்து சொல்றேன்மா" என்று ஆன்டி சொல்லியிருந்தார்.

காலை ஆறே முக்காலுக்கு ஆன்டி கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினார். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் அறையிலிருந்து நடந்துபோய் கேஎல் சென்ட்ரலில் சேர்ந்துகொண்டேன். அங்கிருந்து கிராப் டாக்சி, 26 ரிங்கிட். சாலாக் செலாத்தான் பக்கம் நெரிசல்.

"அங்க யாரு ஆன்டி, மகன் வார்டனா?" என்றார் ஓட்டுநர்.

"உள்ள இருக்கான் தம்பி. லீவே கிடையாது."

அவர் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

குடும்பத்தாருக்கு மட்டுமே அனுமதி என்பதால் நான் வெளியே உட்கார்ந்தேன். இதுபோன்ற வழக்குகளில் பேச்சை அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அன்று தமிழ் தெரிந்தவர் விடுப்பில் இருந்தார். மலாயில் மட்டும் பேசவேண்டும், மீறினால் சந்திப்பு முடிந்தது என்றார்கள். ஆன்டிக்குத் தெரிந்தது பாசாரில் மீன் வாங்கும் மலாய்.

முக்கால் மணி நேரம் அனுமதி. சற்று நேரத்திலேயே வெளியே வந்துவிட்டார்.

திரும்பும் ரயிலில்தான் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகன் உட்கார்ந்ததும், "கண்ணன் புஞா நாமா, லு காசி கா?" என்று கேட்டாராம். கண்ணன் பெயரை நீ கொடுத்தாயா என்று, மீன்காரரைக் கேட்பதுபோல. தினேஷ் அதிகாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நான்தான்" என்று தமிழில் சொன்னார். தொலைபேசி உடனே துண்டிக்கப்பட்டது.

"மலாய்ல சொல்லியிருந்தா ஆபீசருக்காகச் சொல்றான்னு நினைச்சிருப்பேன்லா. தமிழ்ல சொல்லிட்டான்."

கேஎல் சென்ட்ரலில் நான் இறங்கவில்லை. கிள்ளான் வரை கூடவே போனேன்.

சுமதி அக்கா தன் வீட்டு கேட் அருகில் நின்றிருந்தார். "இவ்வளவு சீக்கிரமா? உள்ள வாங்க ஆன்டி, தண்ணி குடிங்க."

"வேணாம்மா. அவன்தான்."

சுமதி அக்கா கேட்டைச் சாத்தினார். சத்தம் வராமல், மெதுவாக.

போகிறவர்கள் முதல் நாளே தொலைபேசியில் கேட்டு, தமிழ் அதிகாரி இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். அடையாள அட்டை அவசியம். முழு நேரமும் பேசலாம். ஆனால் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறதென்றால், அவ்வளவு நேரம் தேவைப்படாது.