மூலை மழுங்காத ஐம்பதாவது படம்

பழைய பேப்பர் கடைக்காரனுக்குக் கோபமே வரக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் அதில் இன்றுவரை தேறவில்லை.

அறுபதுகளின் கடைசியில் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்குக் கடை. ஒருநாள் எடைக்கு வந்த கட்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஏழெட்டு வண்ணப் படங்கள் கிடந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த கிரிக்கெட் ஆட்டக்காரர் படங்கள். மொத்தம் ஐம்பது என்று பின்பக்கம் போட்டிருந்தது. அன்று பிடித்த பைத்தியம், ஐம்பதையும் சேர்த்தே தீருவது என்று எழுபதுகளிலும் ஊர் ஊராக அலைந்தேன். ‘பத்திரமாக வைத்திருக்கிறேன் பேர்வழி’ என்று அந்தப் படங்களுக்கு நம் ஜனங்கள் செய்த அக்கிரமத்தை, எதையாவது சேர்த்துவைத்து அவதிப்படும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ரப்பர் பேண்டு

முதல் அடி எனக்கே விழுந்தது. பெங்களூரிலிருந்து என்னைப் போலவே ஒரு பைத்தியம், படம் மாற்றிக்கொள்ள வந்திருந்தார். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி வைத்திருந்த என் படங்களை நான் பெருமையாகப் பிரித்து, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துக் காட்டினேன். மனிதர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாலு மூலையும் கூராக இருக்க வேண்டுமாம். மடிப்பு விழக் கூடாதாம். சுற்றிலும் வெள்ளை ஓரம் சமமாக இருக்க வேண்டுமாம். பின்பக்க எழுத்து தேயக் கூடாதாம். பெண் பார்க்கக்கூட யாரும் இத்தனை நிபந்தனை போட்டதில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு டீ கூடச் சொல்லவில்லை. ரப்பர் பேண்டு அறுத்திருந்த ஓரங்களைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "நீங்க படம் சேக்கலீங்க, பொணம் சேக்கறீங்க."

வெள்ளை ஓரம்

அதற்குப் பிறகு நானும் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, மூலை பார்க்கப் பழகினேன். கம்பைநல்லூரில் ஒரு வாத்தியார், என்னிடம் இல்லாத படம் தன்னிடம் இருப்பதாகவும், மூலை ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இருப்பதாகவும் சொல்லியனுப்பினார். கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன்.

மூலை ஊசிதான், பொய் சொல்லவில்லை. ஆனால் சுற்றிலும் ஓரத்தையே காணோம். பந்து போடுகிறவருக்கு முழங்கை வரைக்கும்தான் கை இருந்தது. படித்த மனிதர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர். "ஓரம் எங்கீங்க சார்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் திருப்தியாகச் சொன்னார்: "நீங்க வர்றீங்கன்னுதான் நேத்து ஸ்கேல் வெச்சு நறுக்குனேன். சுத்தியும் வெள்ளையா வீணாக் கெடந்துதுங்க."

மடிப்பு

அதியமான்கோட்டையில் தையல் கடை வைத்திருந்த மஜீத் பாய் நல்ல மனிதர். அவரிடம் இருந்த படத்தில் ஒரே குறை, நடுவில் லேசாக ஒரு மடிப்பு. நான் அதைச் சொல்லித் தொலைத்தேன். தவளை தன் வாயால் கெட்டது. இங்கே என் வாயால் படம் கெட்டது.

அடுத்த வாரம் சிரித்த முகமாகப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தண்ணீர் தெளித்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்திருக்கிறார். மட்டை பிடித்திருந்தவரின் முகம் பெட்டியோடு போய்விட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்கே கோபம் வந்துவிட்டது: "மூஞ்சிய வுடுங்க, மடிப்பு போச்சா இல்லீங்களா, அதச் சொல்லுங்க."

ஐம்பதாவது

எப்படியோ நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான், தலைப்பாகை கட்டிய ஒரு வடநாட்டு ஆட்டக்காரர். அந்த மாதிரிப் படம் ஏரியூரில் ஒரு விவசாயி வீட்டில் இருப்பதாகக் கடலைக்காய் வியாபாரி ஒருவர் சொன்னார். ஓடினேன். விவசாயியின் மனைவி உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். சாமி படங்களுக்கு நடுவில், சட்டம் போட்டு, மாலையோடு அவரேதான். நாலு மூலையும் கூர். ஓரம் சமம். ஒரு மடிப்பில்லை. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே, நெற்றியில் நேராகச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது.

"யாருங்க இது?" என்றேன். "எங்கப்பாருங்க" என்றார். என்னால் அடக்க முடியவில்லை. "ஏம்மா, இவரு கிரிக்கெட் ஆடறவருங்க. பின்னாடி திருப்பிப் பாருங்க, பேரே போட்டிருக்கும். எங்கிட்ட நாப்பத்தொம்பது பேரு இருக்கறாங்க, இவரு ஒருத்தருதான் பாக்கி" என்று கத்தியேவிட்டேன். உங்களுக்கு உறவே இல்லாத ஒருவரைக் கும்பிடுகிறீர்கள், எனக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கவும் வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. மாலையைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "தெரியுமுங்க. எங்கப்பாரு வெள்ளக்காரன் முகாம்ல சமையலுக்கு இருந்தப்ப கொண்டாந்த படம். அவர யாரும் ஒரு போட்டோகூட எடுக்கலீங்க. தலப்பாக்கட்டு மட்டும் அவராட்டமே இருக்குது. உங்ககிட்ட நாப்பத்தொம்பது பேரு இருக்கறாங்க, எங்களுக்கு இந்த ஒருத்தருதானுங்க."

என் பெட்டியில் இன்றைக்கும் நாற்பத்தொன்பது பேர்தான் பூச்சி உருண்டை வாசத்தில் கிடக்கிறார்கள். ஐம்பதாமவருக்கு ஏரியூரில் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு இலை போட்டுப் படைக்கிறார்களாம்.