மூடியின் மேல் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை

பம்பு நின்றதை முதலில் என் காது கண்டுபிடித்தது. எச்சரிக்கை சைரன் அடிப்பதற்கு முன்பே, தரைக்கடியில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் முனகல் சட்டென்று அறுந்துபோயிற்று. காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது. இரண்டு நாளாக விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்பதால் மாதா கோவிலுக்குப் போகவில்லை. பம்பு அறை ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கப்பக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தேன். கல்யாணமாகி இந்த எல்லையூருக்கு வந்து, கழிவுநீர் பம்பு நிலையத்தில் ஒப்பந்த ஆபரேட்டராகச் சேர்ந்து அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். மலைப்பாதையை ஒட்டி, ஏலக்காய்க் கடைகளும் லாட்ஜுகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சின்ன நகரம். நான் பார்க்கும் வேலையை ஊர்க்காரர்கள் 'கக்கூஸ் தண்ணி பம்பு' என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. உண்மைதானே.

லாட்ஜுகள், ஓட்டல்கள், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி எல்லாவற்றின் அழுக்குத் தண்ணீரும் சாலைக்கடியில் குழாய்களில் சரிந்து, ஊரிலேயே தாழ்ந்த இடத்துக்கு வந்து சேரும். அந்த இடத்தில்தான் எங்கள் கிணறு. கிணறு என்றால் சிமெண்டால் கட்டிய ஆழமான தொட்டி. அடியில் மூழ்கிக் கிடக்கும் பம்பு தண்ணீரை எதிர்மேட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றும். அங்கே காற்றை ஊதி நல்ல கிருமிகளை வளர்ப்பார்கள். அவை அழுக்கைத் தின்னும். பிறகு தெளியவிட்டு, சகதியைப் பிரித்து, குளோரின் கலந்து ஓடையில் விடுவார்கள்.

ஏற்ற முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. கிணற்றுச் சுவரில் ஒரு குழாய் வாய். தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டால், அழுக்கு அழுக்காகவே நேராக ஓடையில் விழும். ஓடையில் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஏலத்தோட்டத்து லயம். இருபது வீடுகள். ஓடைத் தண்ணீரில்தான் குளிப்பார்கள், துவைப்பார்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் அதையே காய்ச்சிக் குடிப்பார்கள்.

கிணற்றில் இரண்டு பம்பு இருக்க வேண்டும். ஒன்று மோட்டார்ச் சுருள் எரிந்து ரிப்பேருக்குக் கம்பம் டவுனுக்குப் போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்றும் இப்போது நின்றுவிட்டது. சுவிட்சை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். உறுமிவிட்டு ட்ரிப் ஆகி அணைந்தது. உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று புரிந்தது.

வெளியே ஓடி இரும்பு மூடியைத் திறந்தேன். உள்சுவரில் ஏணிபோல இரும்புப் படிகள் பதித்திருக்கும். மேலிருந்து எண்ணினால் மொத்தம் பதினான்கு. தண்ணீர் சாதாரணமாகப் பன்னிரண்டாம் படிக்குக் கீழே கிடக்கும். அன்று பதினொன்றாம் படியே தெரியவில்லை. விடுமுறைக் கூட்டம். எல்லா லாட்ஜிலும் குளித்துவிட்டுக் கிளம்பும் நேரம் அது. பெரிய குழாயிலிருந்து தண்ணீர் அருவிமாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. வழிகிற குழாய் வாய் இருப்பது ஏழாம் படியில்.

அத்தானுக்குப் போன் செய்தேன். என் அக்கா புருஷன். ஊரின் செப்டிக் டேங்க், பம்பு, அடைப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான். இருபது வருஷத் தொழில். பத்து நிமிஷத்தில் மழையில் நனைந்தபடி பைக்கில் வந்து இறங்கினார்.

பம்பைச் சங்கிலியில் பிடித்து மேலே தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பாரம் தூக்கும் செயின் பிளாக்கைக் கட்டிவிட்டுப் பம்பின் சங்கிலியைத் தேடினால், மேல்கொக்கியில் அது இல்லை. துருப்பிடித்த கொக்கி விட்டுப்போய், சங்கிலியின் தலை உள்ளே விழுந்து, ஆறாம் படிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் சட்டையைக் கழற்றினார்.

"ஆறு படி. எறங்கி, எடுத்து மாட்டிட்டு வந்திருதேன். அஞ்சு நிமிஷ வேலை."

"வேண்டாம் அத்தான். மீட்டர் இல்ல."

விஷக்காற்று பார்க்கும் மீட்டர் சர்வீசுக்குப் போய் மூன்று வாரமாகியிருந்தது.

"மீட்டர் வாரதுக்கு முன்னாடி நான் எத்தனை தடவை எறங்கியிருக்கேன்? மூக்கு போதும்."

அவர் சொன்னதற்காகவே நான் குனிந்து பார்த்தேன். மூடியைத் திறந்தபோது அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அறைந்திருந்தது. இப்போது விளிம்பில் குனிந்து ஒரு மூச்சு இழுத்தேன். நாற்றம். இரண்டாம் மூச்சு. ஒன்றுமில்லை. மழை நாளில் முற்றத்தில் நிற்பதுபோல வெறும் காற்று.

துள்ளி விலகினேன். தலைக்குள் கிர்ரென்றது. பயிற்சியில் சொன்னது ஒன்றுதான் எனக்கு அப்போது நினைவிருந்தது: நாறும்வரை பயப்படலாம், நாற்றம் நின்றுவிட்டால் ஓட வேண்டும். அந்தக் காற்று அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும்.

"அத்தான், நாத்தம் நின்னுபோச்சு."

"அப்ப நல்லதுதான?"

"இல்ல. நல்லது இல்ல."

அவர் சிரித்தார். ஒரு காலை உள்ளே வைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அதுவரை ஒரு நாளும் அத்தான் கையை நான் தொட்டதில்லை. அவர் திகைத்து நின்ற நேரத்தில் இரண்டு மூடியையும் படார் படாரென்று கவிழ்த்தேன். பூட்டு மாட்டும் வளையம் எப்போதோ ஒடிந்து போயிருந்தது. வேறு வழி தோன்றவில்லை. மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பிள்ள இது? எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன்."

ஓவர்சியருக்குப் போன் போட்டேன். அவர் மலையாளி, தமிழ் அரைகுறை. கோட்டயத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நிலைமையைச் சொன்னேன்.

"சேச்சி, ஆளை எறக்கச் சொல்லி நான் சொல்லல. பட்சே ஓவர்ஃப்ளோ ஆகக் கூடாது. மனசிலாயோ?"

"ரெண்டும் சேர்ந்து நடக்காது சார்."

"நீங்க அங்கே இருக்கு. நீங்க பார்த்துச் செய்யணும்."

போனை வைத்துவிட்டார். தீயணைப்பு நிலையத்துக்குக் கூப்பிட்டேன். மூச்சுக்கருவியோடு வர அவர்களால் முடியும். ஆனால் மலைப்பாதையில் மண் சரிந்த இடத்துக்குப் போயிருந்தார்கள். திரும்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பெரிய லாட்ஜுகள் மூன்றின் மேனேஜர்களிடம் அரைமணி நேரம் தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாமவர், "கெஸ்ட் தலையில சோப்போட நிக்காங்க, என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டார். டேங்கர் லாரி டிரைவர் வருகிறேன் என்றார். ஆனால் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்.

என் தொடைக்கடியில், மூடிக்குக் கீழே, தண்ணீர் விழும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஆழத்தில் விழும் சத்தம். பிறகு கிட்டத்தில்.

அத்தான் என் முன்னால் அங்குமிங்கும் நடந்தார். கோபத்தில் முகம் கறுத்திருந்தது.

"கீழ லயத்துல சின்னப் பிள்ளைங்க இருக்கு. ஞாயித்துக்கெழம. எல்லாம் ஓடையிலதான் கெடக்கும். அந்தப் பீத்தண்ணி அதுங்க வாயில போகணுமா? உன் பயத்துக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் வீம்புக்குப் பேசியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் சொன்னது நியாயம். யாராவது லயத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். நான் போனால் அவர் இறங்கிவிடுவார். அவரைப் போகச் சொன்னேன். "நான் போய்ட்டு வர நேரத்துல எறங்கி ஏறிருவேன்" என்று அசையாமல் நின்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன். லயத்துக்கு மேலே சாலையோரம் அவள் வீடு.

"அக்கா, லயத்துக்கு ஓடு. யாரும் ஓடைத் தண்ணியத் தொடக் கூடாதுன்னு சொல்லு. பிள்ளைங்கள வெளிய ஏத்து. சீக்கிரம்."

"அவரு எங்க?"

"என் முன்னாடி நிக்காரு."

"கெணத்துக்குள்ள எறங்கிட்டாரா?"

"இல்ல. மூடி மேல நான் உக்காந்திருக்கேன்."



"எந்திரிச்சிராத" என்றாள். போன் துண்டித்துப்போனது.

கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து, யாரோ வாளி வாளியாய்க் கொட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. குழாய் வாய் திறந்துகொண்டது. அத்தான் கரைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மழையில் செம்மண் நிறத்தில் ஓடிய தண்ணீரில் சாம்பல் நிறமாக ஒரு பட்டை இறங்கிப் போகிறது என்றார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியாது.

அப்படி எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை. திடீரென்று அவர் எழுந்து பம்பு அறைக்குள் போனார். ஒரு நீளமான இரும்புக் குழாயையும் கட்டடக் கம்பி ஒன்றையும் எடுத்துவந்து, கம்பியைக் கல்லிடுக்கில் வைத்து வளைத்துக் கொக்கியாக்கி, குழாயின் நுனியில் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டினார்.

"எந்திரி. எறங்க மாட்டேன். உன் அக்கா மேல சத்தியம்."

எழுந்தேன். மூடிகளை விரியத் திறந்துவிட்டுக் காற்று வரும் பக்கமாக விலகி நின்றோம். பத்து நிமிஷம் காற்றாட விட்டோம். பிறகு அவர் நின்றபடியே குழாயை உள்ளே விட்டார். நான் அவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். முப்பது எண்ணுவேன், பின்னால் இழுப்பேன். மூச்சு வாங்கிவிட்டு அவர் மறுபடி போவார். அழுக்குத் தண்ணீர் ஏழாம் படியில் தளும்பிக்கொண்டிருந்தது. சங்கிலி அதற்கு ஒரு சாண் மேலே. கொக்கி சங்கிலியைத் தொடும், நழுவும். தொடும், நழுவும். ஒருமுறை மாட்டிக்கொண்டது என்று நினைத்து இழுத்தபோது சங்கிலி தாங்கலிலிருந்து முக்கால்வாசி விலகிவிட்டது. இன்னொரு முறை அசைத்தால் அடியிலேயே போய்விடும்.

"ஏசுவே" என்றார் அத்தான் மெதுவாக. குழாயை இன்னும் சாய்த்து, அடியிலிருந்து மேலாகக் கொடுத்தார். மாட்டியது.

பம்பு மேலே வந்தபோது அதன் வாயில் ஒரு முழுத் தோர்த்துத் துவாலை, இரண்டு துண்டு பெட்ஷீட், ஒரு கைப்பிடி தலைமுடி. கத்தியால் அறுத்தெடுத்தோம். பம்பு திரும்ப ஓடத் தொடங்கியபோது பதினொன்றரை; தீயணைப்பு வண்டி அதுவரை வந்திருக்கவில்லை. ஓடையில் அழுக்கு விழுந்தது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

மதியம் லயத்திலிருந்து ஏழெட்டுப் பேர் ஏறி வந்தார்கள். அக்கா சொன்னதால் பெரும்பாலோர் தண்ணீரைத் தொடவில்லை. ஆனால் அக்கா போய்ச் சேருவதற்கு முன்பே சிலர் குளித்திருந்தார்கள். எங்கள் கோவிலுக்கு வரும் ஒரு அம்மா, ஒரு குடம் ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து பம்பு அறைப் படியில் வைத்தார்.

"குடி" என்றார்.

தலையைக் குனிந்து நின்றேன். அத்தான் என்னைக் காட்டிக்கொடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்க தப்புதான்" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மாவின் பேத்தி வயிற்றுப்போக்கில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தினமும் போனேன். முதல் நாள் உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைக்கு நான் கொண்டுபோன கஞ்சியை வாங்கிக்கொண்டார்கள்.

வழிந்ததற்குக் காரணம் கேட்டு ஓவர்சியர் கடிதம் கொடுத்தார். 'கிணற்றுக்குள் ஆளை இறக்காததால்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. இரண்டு மாதம் என்னைப் பம்பு நிலையத்திலிருந்து எடுத்து, எதிர்மேட்டில் சகதி காயவைக்கும் இடத்தில் போட்டார்கள். ஏன் இறக்கவில்லை என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் திருப்தியாக இருக்காது என்று அங்கே சகதியை வாரும்போதெல்லாம் தோன்றும். அவர் இறங்கியிருந்தால் செத்திருப்பார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சாகாத மனிதர் எதிரில் நடமாடுகிறார். அழுக்கான ஓடையை ஊரே பார்த்தது.

அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். தன்னைத் தொழில் தெரியாதவன் என்று ஊருக்குக் காட்டிவிட்டேன் என்று அவருக்கு வருத்தம். ஓணம் கழிந்து ஒரு மாலை அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, பின்வாசலில் நான் மட்டும் இருந்தேன்.

"உன்னைத் தூக்கி ஒரு ஓரமா வச்சிருக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது" என்றார்.

"தெரியும் அத்தான்."

"ஏன் தூக்கலன்னு நானே யோசிச்சுப் பாக்கேன்." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் அன்னைக்கு நாத்தம் தெரியல பிள்ள."

உள்ளே அக்கா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. கிணற்றுக்கு முன்னால் துணிகளைப் பிடிக்கும் கம்பிக்கூடை வைத்தார்கள். தினம் காலையில் அதை வெளியே தூக்கி வாருவது என் வேலை. நான் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன். சுவரிலிருந்த குழாய் வாய் இன்னும் அடைபடவில்லை. மாற்றுத் தொட்டி கட்ட இடம் பார்க்கிறார்கள் என்கிறார்கள். லயத்துக்காரர்கள் ஓடைக்கு மேலே, மலைப்பக்கத்து ஊற்றிலிருந்து தாங்களே குழாய் போட்டுக்கொண்டார்கள். அந்தக் குழாய் பதிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை அத்தான் போய் மண் வெட்டினார். நான் டியூட்டி முடிந்து போய் மண்ணைச் சுமந்தேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.