அம்சலே கணினியில் வைத்த தேதி

தெஸ்ஸே ஊர் நீதிமன்ற வாசலுக்கு எதிரே மனு தட்டச்சு செய்து பிழைப்பவள் அம்சலே. இருபத்திரண்டு வருஷமாக அதே இடம், அதே நாற்காலி. தொழிலில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பிடிவாதத்துக்கும் குறைவில்லை.

கணினி வாங்கிய அன்றே அதில் நம் எத்தியோப்பியத் தேதியையும், விடியலிலிருந்து எண்ணும் நம் நேரத்தையும் வைத்துவிட்டாள். வெளியுலகம் ஏழெட்டு வருஷம் முன்னால் ஓடினால் ஓடட்டுமே, மனுவில் போடுகிற தேதிதான் கணினியிலும் இருக்க வேண்டும் என்பாள். வருஷக் கடைசியில் வரும் பதின்மூன்றாம் மாதத்தைக் கணினி ஏற்காது. அந்தச் சில நாளும் அதற்கு லீவு விட்டுவிடுவாள்.

இணையம் வந்ததும் வம்பும் வந்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. பழுது பார்க்க வந்த ஹப்தாமு விழுந்து விழுந்து சிரித்தான்.

"எட்டு வருஷம் பழைய தேதியைக் காட்டினா எந்தப் பக்கம் அக்கா உங்களை நம்பும்?"

கணினியின் தேதியையும் நேரத்தையும் வெளிக்கணக்குக்கு மாற்றிவிட்டுப் போனான். இரண்டு நாள் அவனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு புதுச் சட்டங்களை இணையத்தில் தேடிப் படிக்கும் ருசி ஒட்டிக்கொண்டது.

போன வாரம் காபி விற்கும் ஜெவ்தீத்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் வீட்டுக்குப் போகும் வழியைக் கொழுந்தன் வேலி போட்டு அடைக்கப் பார்க்கிறான். வழி அவளுக்கென்று அவனே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் பழைய வழக்கின் காகிதக் கட்டில் இருக்கிறது. வழக்கு எண் சொல்லாமல் பதிவறையில் கட்டைத் தேட மாட்டார்கள். அவளிடமிருந்த நகல் கூரை ஒழுகி நாசமாகிவிட்டது. மத்தியானம் விசாரணை.

"நம்பர் கிடைக்கலேன்னா வழி போச்சு அக்கா. அடுப்பையும் பானையையும் தூக்கிக்கிட்டுப் பள்ளத்துல இறங்கி ஏறணும்."

அந்த எண் போட்ட மனுவை அடித்தது அம்சலேதான். ஆனால் கோப்புகள் எல்லாமே 'மனு', 'மனு' என்று நாலாயிரத்துச் சொச்சம். பழைய எழுத்துருவில் அடித்தவை, பெயரைப் போட்டுத் தேடினால் சிக்காது. மனு அடித்த நாள் மட்டும் ஜெவ்தீத்துவுக்கு நன்றாக நினைவிருந்தது. புருஷன் இறந்த வருஷம், 2008, ஐந்தாம் மாதமான திர், பதின்மூன்று. மிகாயேல் திருநாள் ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பிய மறுநாள், நம் கணக்கில் காலை மூன்று மணி.

வெளிக்கணக்குக்கு மாற்றி, 2016 ஜனவரியில் தேடினாள் அம்சலே. ஒன்றுமில்லை. மறுபடி தேடினாள். ஜெவ்தீத்து மேல்துணி நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சட்டென்று அம்சலே தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்குக் கணினியில் ஓடியது நம் தேதியல்லவா! 2008, ஐந்தாம் மாதம், பதின்மூன்று என்று போட்டாள். ஒரே ஒரு கோப்பு வந்து நின்றது. நேரம் மூன்று பத்து. திறந்தால் உச்சியில் வழக்கு எண்.

"இந்தா, எழுதிக்கோ. ஓடு!"

கடை மூடும் நேரத்தில் ஜெவ்தீத்து காபிப் பானையோடு வந்தாள். நெற்றியில் வேர்வை இல்லை, காலில் சேறு இல்லை.

"பள்ளத்துல இறங்கலை அக்கா. நேரா வந்தேன்" என்றாள்.

அம்சலே அந்தக் கோப்புக்கு 'ஜெவ்தீத்து வீட்டு வழி' என்று பெயர் மாற்றிவிட்டு, காபிக் கோப்பைக்குக் கை நீட்டினாள்.