அது அவள் மூக்கு இல்லை

போன வாரம் என் மகள் மலர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். கோபம் வந்தால் கத்த மாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள். அவ்வளவுதான். ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு இட்லி தின்பது இருக்கிறதே... அதற்கு நாலு திட்டு வாங்கிவிடலாம்.

தப்பு என் மேல்தான். வழக்கமாக இந்தச் சிறுவர் பக்கத்தில் நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததைத்தான் சொல்வேன். இந்த வாரம் அப்படி எதுவும் இல்லை. நான் ரொம்ப ஆசைப்பட்டுச் செய்கிற ஒரு காரியத்திலேயே ஒரு தப்புச் செய்துவிட்டேன் பிள்ளைகளே. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ராமநாதபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்குக் கழுத்தில் ஒரு கேமரா தொங்கும். செகண்ட் ஹேண்ட் கேமரா. அதில் மாட்டியிருப்பது விலை மலிவான ஒரு லென்ஸ். மேனுவல் போகஸ்.

அப்படியென்றால்?

உங்கள் அம்மா போனில் படம் எடுக்கிறார் அல்லவா? எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் போனே முடிவு செய்துகொள்ளும். என் லென்ஸுக்கு அந்தப் புத்தி கிடையாது. அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதில் அடிக்கணக்கு போட்டிருக்கும். மூன்று, ஐந்து, பத்து... ஆள் எத்தனை அடியில் நிற்கிறாரோ அந்த எண்ணுக்கு நாம்தான் திருக வேண்டும். பத்தில் வைத்தால் பத்தடியில் நிற்பவர் பளிச்சென்று விழுவார். ஐந்தடியில் வந்து நிற்பவர் புகை மாதிரி விழுவார்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்பீர்கள். சுகமே அந்தத் தொல்லையில்தான் இருக்கிறது.

வளையம் திரும்பும்போது விரலில் ஒரு வழுவழுப்புத் தெரியும். தேன் பாட்டில் மூடி மாதிரி. அதைத் திருகுகிற நேரத்துக்குள் எதிரே இருக்கிற ஆளை நாம் நன்றாகப் பார்த்துவிடுவோம். மண்டபம் கடற்கரையில் ஒருநாள் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவைப் படமெடுக்க நின்றேன். திருகினேன், திருகினேன், திருகிக்கொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னய்யா, தண்ணிக் கொழாயத் தொறக்குற மாதிரி திருகிக்கிட்டே நிக்கிறீக? நீங்க எடுத்து முடிக்கிறதுக்குள்ள என் மீனு கெட்டுப் போயிரும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் படம். என் கடைச் சுவரில் இன்றும் இருக்கிறது. போன் கேமரா என்றால் அரை நொடியில் எடுத்துவிட்டுப் போயிருப்பேன்... அந்தக் கேலி எனக்குக் கிடைத்திருக்குமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தெருவில் ஒருவர் நடந்து வருகிறார். அவர் வந்த பிறகு திருகினால் அவர் தாண்டிப் போய்விடுவார். அதனால் முன்கூட்டியே பத்தடி என்று வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் சரியாகப் பத்தாவது அடியில் கால் வைக்கும்போது அமுக்க வேண்டும். கேமராவைக் கண்ணுக்குத் தூக்கக்கூட வேண்டாம். நெஞ்சில் தொங்கவிட்டபடியே எடுக்கலாம். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ஈரவேட்டியோடு ஓடி வருகிறவர்களை நான் அப்படித்தான் எடுப்பேன். அவர்கள் என்னைக் கவனிக்கவே மாட்டார்கள்.

இதற்குக் கண் பழக வேண்டும். நானும் மலரும் டேப்போடு போவோம். "அந்த வேப்ப மரம் எத்தனை அடி?" என்று கேட்பேன். அவள் பதினாலு என்பாள். நான் பன்னிரண்டு என்பேன். அளந்து பார்த்தால் பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். நீங்களும் விளையாடிப் பாருங்கள். கேமரா வேண்டாம். டேப் போதும்.

இப்படிப் பழகப் பழக எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. கேமராவின் பின்னால் ஒரு திரை இருக்கிறது. எடுத்த படம் அதில் தெரியும். அதன் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டேன். கண்ணையும் கையையும் நம்புகிறவனுக்குத் திரை எதற்கு? இப்படி டேப் ஒட்டிக்கொள்கிறவர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டேன் என்று சந்தோஷம் வேறு.

மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நானும் மலரும் நின்றோம். திருச்சி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அதன் படிக்கட்டுக்குப் பத்தடி என்று வளையத்தை வைத்துவிட்டு, ஏறி இறங்குகிறவர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம். பெரியபட்டினத்துக்காரர்கள். மலர் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு நாக்கைத் துருத்திக் காட்ட, அது பதிலுக்குத் துருத்த, அப்படியே நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம்.

பிள்ளையின் அப்பா பெயர் பைசல். கத்தாரில் வேலை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், மூன்று வருஷம் கழித்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அன்றைக்கு அந்த பஸ்ஸில்தான் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறார். மகள் நஸ்ரினுக்கு வாப்பாவை நன்றாகத் தெரியும் — போனுக்குள். தினமும் வீடியோவில் முத்தம் கொடுப்பாள். நேரில் வந்தவரை மட்டும் அவள் நம்பவில்லை. வீட்டில் நடமாடும் அவரைக் காட்டி, "இந்த மாமா எப்பப் போவாக?" என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு மாதமும் ஒரு தடவைகூட அவர் கைக்கு வரவில்லை. பைசலின் மனைவி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பைசல் சிரிக்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு பஸ் பின்னால் வந்து, காது கிழிகிற மாதிரி ஹாரன் அடித்தது. நஸ்ரின் பயந்து, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் தாவி ஏறினாள். ஏறியது வாப்பாவின் இடுப்பில். இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பைசல் மூச்சுக்கூட விடவில்லை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டினார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு எடுத்துருங்கண்ணே. நான் அசைய மாட்டேன். அசைஞ்சா எறங்கிருவா."

நஸ்ரினின் மாமா, பைசலின் மச்சான், உடனே பையிலிருந்து போனை எடுத்தார். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"போன் எதுக்குத் தம்பி? இதுலயே பிரமாதமா வரும்."

பெரிய கேமரா வைத்திருக்கிற ஆள் சொல்கிறாரே என்று அவர் போனைத் திரும்பப் பையில் போட்டுவிட்டார்.

கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினால் பிள்ளை மிரண்டு இறங்கிவிடும். அதனால் நெஞ்சில் வைத்தபடியே நெருங்கிப் போனேன். ஐந்தடிக்குள் போயிருப்பேன். முகம் பெரிதாக விழ வேண்டும் என்ற ஆசை. மூன்று படம் எடுத்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். நஸ்ரினை உம்மா வாங்கிக்கொள்ள, பைசல் ஓடிப் போய் ஏறினார். ஜன்னலிலிருந்து என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

வளையம் பத்திலேயே இருந்தது.

போதாததற்குச் சாயங்கால வெளிச்சம் குறைவு என்று லென்ஸின் வாயை அகலமாகத் திறந்து வைத்திருந்தேன். வாய் அகலமாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும். ஆனால் அடிக்கணக்கு கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். பஸ் பளிச்சென்று இருந்தது. படியில் நின்ற கண்டக்டரின் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம். முன்னால் வெள்ளையாக ஒரு சட்டை, அதன் மேல் பச்சையாக ஒரு கவுன், இரண்டு முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மாவு உருண்டை. மூன்று படமும் அப்படித்தான். திரையில் டேப் இல்லாமல் இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். போனை எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இல்லை, ஒரே ஒரு தடவை வளையத்தைத் திருகியிருந்தால் போதும்.

ஏர்போர்ட்டிலிருந்து பைசல் மெசேஜ் போட்டார். போட்டோ வந்திருச்சா அண்ணே என்று. அனுப்புகிறேன் தம்பி என்று போட்டேன். மறுநாளும் கேட்டார். நெட் சரியில்லை என்றேன். அதற்கு மறுநாள் வேறொரு பொய். ஒரு வாரம் இப்படியே ஓடியது. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய்யைத் தேடுவது காயில் கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை, பிள்ளைகளே.

அப்புறம்தான் அந்த ஆப் கிடைத்தது. மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருமாம். போட்டேன். ஒரு சக்கரம் சுற்றியது. படம் வந்தது... அடடா. நஸ்ரினின் கண் இமை தெரிகிறது, பல் தெரிகிறது, கன்னத்தில் ஒரு பளபளப்பு. பைசலின் தாடிகூட ஒழுங்காக வந்திருந்தது. மலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அய்யா, இது அவ மூக்கு இல்ல. அவளுக்குப் பட்டன் மாதிரி தூக்கிக்கிட்டு இருக்கும்."

"சின்னப் பிள்ள மூக்க யாருத்தா உத்துப் பாக்கப் போறா?"

"இது வேற யாரோ பிள்ள. அனுப்பாதீக."

அவள் சொன்னதுதான் நிஜம். படத்தில் முகமே இல்லாதபோது அந்த ஆப் எங்கே போய் முகத்தை எடுக்கும்? அதுவாகவே ஒன்றை வரைந்து வைத்திருக்கிறது. எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன்.

அதிலிருந்துதான் அந்த முதுகு.

பைசலுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பிரிண்ட் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதாக வாய்ஸ் அனுப்பினார். ரூமில் இருக்கிற எல்லாரும் பிள்ளை அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கிறாள் என்று சொன்னார்களாம். அதைக் கேட்டுவிட்டு நான் போனை மூடி வைத்தேன். இரண்டாவது தடவை கேட்கத் தைரியம் வரவில்லை.

படம் அனுப்பிய இரண்டாம் நாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். சிரித்துக்கொண்டுதான் பேசினார். படத்தை நஸ்ரினிடம் காட்டினார்களாம். அவள் ஒரே அழுகையாம்.

"வாப்பா வேற பிள்ளையத் தூக்கி வச்சிருக்காகன்னு சொல்றாண்ணே. போனக் குடுத்தாத் தட்டிவிடுறா. அந்தப் பிள்ளகிட்டயே பேசச் சொல்லுங்குறா. கிறுக்கச்சி."

நானும் கூடச் சிரித்திருக்கலாம். சின்னப் பிள்ளைதானே தம்பி, சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் நம்பியிருப்பார். ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். போனுக்குள் இருந்த வாப்பாவையாவது அவள் வைத்திருந்தாள். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

சொன்னேன். வளையம், டேப், ஆப்... ஒன்றையும் விடவில்லை. மச்சானைப் போனைப் பைக்குள் போட வைத்ததையும் சொன்னேன். கோபமாக நாலு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குண்ணே," என்றார் பைசல். "எனக்குத் தெரியல பாருங்க. ரெண்டு நாளா அந்த மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான் தூங்குறேன்."

மன்னிச்சிருங்க தம்பி என்றேன். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, நிஜப் படத்தை அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் நினைத்தது ஒரு லென்ஸ் செய்த தப்பு என்று. லென்ஸ் தப்பே செய்யவில்லை. பத்தில் வை என்றேன், பத்தில் இருப்பதைக் காட்டியது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. படம் மங்கிப்போனது கைப்பிசகு. யாருக்கும் நடக்கும். பைசல் அன்றைக்கே மன்னித்திருப்பார். பெற்ற பிள்ளையின் முகம் தனக்குத் தெரியவில்லையே என்று ஒரு மனுஷனை நினைக்க வைத்தேனே... அது கைப்பிசகு இல்லை.

மூன்று படத்தையும் உள்ளபடியே அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. இதை எழுதுகிற வரை பதில் இல்லை.

மங்கலாக வந்ததை மங்கலாகவே கொடுத்திருக்கலாம், பிள்ளைகளே.